செதிள்

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு
வேலந்தாவளம் சந்தை முனையில்
சைனபாவிடம் கேட்பேன்: ஜிலேபி ஒன்று,
உயிரோடு, உள்ளங்கையளவு போதும்.
சிலோப்பியா என்று திருத்துவாள்,
கவரில் தண்ணீர் விட்டுக்கொண்டே.
குழம்புக்கா பொரிக்கவா என்று
முதல் வருஷம் கேட்டாள்.
செதிளுக்கு என்றேன்.
அடுத்த வாரம் ஐஸ்கிரீம் டப்பா நிறையச்
சீவிப்போட்ட செதிளைக் கழுவி வைத்திருந்தாள்,
காசு வேண்டாமென்று.
செத்த மீனின் செதிள் எனக்கு ஆகாது
என்று சொல்ல வாய் வரவில்லை.
துறை ஃபிரிட்ஜில் இன்னமும் இருக்கிறது அது,
'தொடாதீர்கள், அமலோற்பவம்' என்று பேர் ஒட்டி.

இடுக்கியால் ஒன்றைப் பறித்துக்
கண்ணாடித் தகட்டில் வைத்துச்
சொட்டு ஊடகம் விட்டு மூடினால் போதும்.
விடிவதற்குள் ஓரத்திலிருந்து
ஊர்ந்து வந்திருக்கும் செல்கள்,
முதலில் ஒரே விரிப்பாக,
பிறகு ஒவ்வொன்றாய்க் கழன்று,
பிறையைப் படுக்கப்போட்ட மாதிரி.
கால் கிடையாது. துடுப்பு கிடையாது.
முன்விளிம்பில் ஆக்டின் இழை முளைக்கும்,
பின்னால் அதே இழை உதிரும்,
உதிர்ந்தது ஓடிப்போய் மறுபடி முன்னால் முளைக்கும்.
நிமிஷத்துக்கு ஓர் உடம்பளவு தூரம்.

பாடநூல் இதைச் செல்லின் எலும்புக்கூடு என்கிறது.
எலும்பு இப்படியா செய்யும்?
வகுப்பில் பந்தல் என்று சொல்லிப்பார்த்தேன்.
பின்காலைப் பிடுங்கி முன்னால் நட்டு
பின்காலைப் பிடுங்கி முன்னால் நட்டு
நகர்ந்துகொண்டேயிருக்கிற பந்தல்.
எருத்தேம்பதி பந்தல்காரர் மகன் சஞ்சீவ் எழுந்தான்:
அப்ப கல்யாணம் எங்க மிஸ் நடக்கும்?
நடந்துகிட்டே நடக்கும், உட்காரு என்றேன்.
எல்லாரும் சிரித்து முடித்தபின்
கரும்பலகைப் பக்கம் திரும்பிக்
கொஞ்ச நேரம் நின்றேன்.
பதினோரு வருஷமாய் எழுதிய எந்தக் கட்டுரையிலும்
இவ்வளவு சரியாக ஒரு வரி வந்ததில்லை.

தொந்தரவு லாரிதான்.
வரிச்சாவடியை மூடி எத்தனையோ காலம்,
பழக்கத்தில் இன்னும் அங்கே வேகம் குறைத்து
கியர் மாற்றி உறுமி எடுக்கின்றன,
செங்கல், வைக்கோல், கூண்டு கூண்டாய்க் கோழி.
என் மேஜை நடுங்குகிறது.
அதனால் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்தான் படம்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது ஃபிரேமுக்குக் கொஞ்சம் முன்னால்
ஒரு செல் போன வேகத்தில்
சிறகுப்பக்கம் பிய்ந்து துண்டொன்று தனியே நின்றது.
உட்கரு அந்தப் பக்கம் போய்விட்டது,
மரபணு மொத்தமும் அதோடு.
துண்டில் இழைகள் மட்டும்.
வட்டமாய்ச் சும்மா கிடந்தது.
பிறகு ஏதோ ஒரு வண்டி போய்ப் படமே குலுங்க
ஒருபக்கம் அகன்று, பிறையாகி,
கிளம்பிவிட்டது.
எங்கே என்று கேட்க அதற்குள் யாரும் இல்லை.
மூன்று பத்து வரைக்கும் பின்னாலேயே போனேன்.
படத்தின் விளிம்பைத் தாண்டிற்று.
தகட்டை நகர்த்தித் தேடினேன். கிடைக்கவில்லை.

மதிப்பீட்டாளர் மூன்று கேள்வி அனுப்பியிருக்கிறார்.
இருநூற்றுப் பன்னிரண்டில் அதிர்வு எதனால்?
கனரக வாகனம்.
துண்டை எதுவும் வெளியிலிருந்து தள்ளியதா?
மேற்படி வாகனமாக இருக்கலாம்.
மாதிரி எண்ணிக்கை ஒன்றுதானா?
இதற்குப் பதில் எழுதாமல்
வெள்ளிக்கிழமை மறுபடி சந்தைக்குப் போனேன்.

கவரைத் தூக்கும்போது
முதுகுத்துடுப்பின் முள் கட்டைவிரலைக் கிழித்தது.
அய்யோ டீச்சரே என்று சைனபா
பக்கத்து டீக்கடையில் காப்பித்தூள் வாங்கி அப்பினாள்.
மீனுக்கு அன்றைக்கும் பாதி விலைதான்.

புதன்கிழமை கட்டைப் பிரித்தேன்.
மூடியிருந்தது.
இந்தக் கரையிலிருந்து சில, அந்தக் கரையிலிருந்து சில,
காப்பித்தூளுக்கு அடியில் இருட்டில் ஊர்ந்து
ஒன்றையொன்று தொட்ட இடத்தில் நின்றிருக்கின்றன.
எத்தனை மணிக்கு என்று தெரியாது.
படமெடுக்கவில்லை.
மாதிரி எண்ணிக்கை: ஒன்று.